மூளைக்குள் ஒரு காயலான் கடை

சென்னை காசிமேட்டில் விடியற்கால மீன் ஏலம் முடிந்து, கிழிந்த வலையைத் தைத்துக்கொண்டிருக்கும் ஒருவருக்குத் திடீரென்று வாய் ஒரு பக்கம் கோணி, நூல் கையிலிருந்து நழுவுகிறது என்று வைத்துக்கொள்வோம். "கை கால் விழுந்துடுச்சு" என்று பக்கத்தில் இருப்பவர்கள் பதறுவார்கள். 108-ஐக் கூப்பிட்டால் ஸ்டான்லி மருத்துவமனை பக்கம்தான். ஸ்கேனில் ரத்தக்கட்டி அடைப்பு என்று தெரிந்தால், நாலரை மணி நேரத்துக்குள் கட்டியைக் கரைக்கும் ஊசி போடலாம். பக்கவாதத்துக்கு மருந்தென்று புறா ரத்தம் தேடிப் போகும் உறவினர் ஒருவர் எங்கேயும் இருப்பார். அவர் திரும்பி வருவதற்குள் அந்த நேரம் கரைந்துவிடும். பெரிய நாளம் அடைபட்டால் நிமிடத்துக்குச் சுமார் 19 லட்சம் நரம்பு செல்கள் மடிகின்றன என்று 2006-ல் கணக்கிட்டார்கள்.

அடைப்பு நீங்கி ரத்தம் திரும்பிய பிறகும் சில செல்கள் இரண்டு மூன்று நாள் கழித்துச் சாகின்றன. பிழைத்தது ஏன் பிறகு சாக வேண்டும்?

பதிலில் ஒரு பங்கு செல்லின் குப்பையில் இருக்கிறது. புரதம் என்பது ஒழுங்காக மடித்து வைத்த சங்கிலி. ஆக்சிஜன் நின்றாலும் மடிப்பு குலையும், திடீரென்று திரும்பினாலும் குலையும். குலைந்தவை வெந்த முட்டையின் வெள்ளைக்கரு போல ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும். முதலில் உதவிப் புரதங்கள் அவற்றை நிமிர்த்தப் பார்க்கும். தேறாதவற்றின் மேல் 'யூபிக்விட்டின்' என்ற சீட்டு விழும். 76 அமினோ அமிலங்கள் கொண்ட குட்டிப் புரதம் அது. நான்கைந்து சேர்ந்து தொங்கினால் 'உடைக்க வேண்டியது' என்று பொருள். உடைக்கும் இடம் புரோட்டியசோம்: இரண்டு பக்கமும் மூடி வைத்த பீப்பாய். காயலான் கடைக்காரர் செம்புக் கம்பியைத் தனியாக எடுத்து வைப்பதுபோல, யூபிக்விட்டினைக் கழற்றி மறுபடி பயன்படுத்திக்கொண்டு, மற்றதைத் துண்டு துண்டாக நறுக்கும்.

இந்தச் சீட்டு முறையைக் கண்டுபிடித்ததில் பெரும் பங்கு சென்னையைப் போன்ற இன்னொரு துறைமுக நகரத்துக்கு உண்டு. இஸ்ரேலின் ஹைஃபாவில் பணியாற்றிய அவ்ராம் ஹெர்ஷ்கோ, ஆரோன் சீச்சனோவர் இருவரும் அமெரிக்காவின் இர்வின் ரோஸுடன் 2004-ல் வேதியியல் நோபல் பெற்றார்கள்.

சிக்கல், இந்தப் பீப்பாய்க்குக் கரண்ட் வேண்டும். உடல் எடையில் 2 சதவீதமே உள்ள மூளை, உடலின் சக்தியில் ஐந்தில் ஒரு பங்கைத் தின்கிறது. கையிருப்பு என்று பெரிதாக எதுவும் கிடையாது. அடைப்பு வந்த சில நிமிடங்களில் செல்லின் எரிபொருளான ஏ.டி.பி. தீர்கிறது, பீப்பாயின் மூடிகள் கழன்று விழுகின்றன. ரத்தம் திரும்பிய பிறகு சீட்டு மட்டும் ஒட்டிக்கொண்டே போகிறது. எண்ணூர் விரைவுச் சாலையில் கன்டெய்னர் லாரிகள் நிற்கும் காட்சிதான்: காகிதமெல்லாம் சரி, துறைமுக கேட் திறக்கவில்லை. எலிகளில் 15 நிமிடம் மூளைக்கு ரத்தத்தை நிறுத்திப் பார்த்த 2000-ஆம் ஆண்டு ஆய்வில், ரத்தம் திரும்பிய சில மணி நேரத்திலேயே, குலைந்த புரதங்கள் ஒட்டிக்கொண்ட கட்டிகள் எலக்ட்ரான் நுண்ணோக்கியில் தெரிந்தன. நினைவுக்கான ஹிப்போகாம்பஸின் ஒரு பகுதியில் அவை கரையவே இல்லை. அந்தச் செல்கள் மூன்று நாளுக்குள் செத்தன. பக்கத்துப் பகுதியில் கட்டிகள் வந்து மறைந்தன, செல்கள் தேறிவிட்டன.

பீப்பாய்க்குள் நுழையாத பெரிய கட்டிகளுக்கு வேறு வழி உண்டு. செல்லே ஒரு பையைப் பின்னி, குப்பையை உள்ளே போட்டு, லைசோசோம் என்ற அமிலத் தொட்டிக்கு அனுப்பும். இதை ஈஸ்ட்டில் துலக்கிய ஜப்பானின் யோஷினோரி ஓசுமிக்கு 2016-ல் நோபல். ஆனால் பக்கவாதத்தில் இந்தப் பை வேலை அளவோடு நடந்தால் காக்கிறது, மிஞ்சினால் செல்லையே தின்கிறது.

அப்படியானால் பீப்பாயை முடுக்கிவிட மருந்து கொடுத்தால் போதுமே என்று தோன்றும். எலிகளில் நேர்மாறாக, பீப்பாயைத் தடுக்கும் மருந்து மூளைச் சேதத்தைக் குறைத்தது. ஏனென்றால், அழற்சியை அடக்கி வைத்திருக்கும் ஒரு புரதத்தையும் அதே பீப்பாய்தான் நறுக்குகிறது.