இரட்டைக் குழாயின் கணக்கு

கழற்றிய சைலன்சரைத் தலைகீழாகப் பிடித்து மெக்கானிக் பாய் இரண்டு தட்டுத் தட்டினார். தரையில் விரித்திருந்த கன்னடப் பேப்பரில் கரியும் எண்ணெயும் கலந்த கூழ் முதலில் சொட்டியது. அதன்பின் தேயிலைத் தூள் மாதிரி துரு கொட்டியது. கொஞ்சம் தண்ணீரும் வந்தது. அந்த வாரம் பெங்களூரில் மழையே இல்லை.

"வெளியே குரோம் பளபளன்னு இருக்கு சார். உள்ளே இருந்தே தின்னுடுச்சு" என்றார்.

ஜே.சி. ரோட்டுக்குப் பின்னால், பழைய வண்டிக்காரர்கள் தேடி வரும் சந்துகளில் ஒன்று அது. வண்டி, அப்பா வாங்கிய யெஸ்டி ரோட்கிங். அந்தத் தண்ணீர் எங்கிருந்து வந்தது என்ற கேள்விதான் சைலன்சரைப் பற்றி என்னைப் படிக்க வைத்தது.

பதில் பள்ளிக்கூட வேதியியலிலேயே இருக்கிறது. பெட்ரோல், கார்பனும் ஹைட்ரஜனும் சேர்ந்த பொருள். எரியும்போது கார்பன் கரியமில வாயுவாகிறது, ஹைட்ரஜன் தண்ணீராகிறது. ஒரு லிட்டர் பெட்ரோல் முழுவதும் எரிந்தால் ஏறக்குறைய ஒரு லிட்டர் தண்ணீர் உண்டாகும். நெடுந்தூரம் ஓடும் வண்டியில் அது ஆவியாகவே வெளியேறிவிடும். ஞாயிற்றுக்கிழமை மட்டும் உதைத்து, ஐந்து நிமிடம் ஓடவிட்டு, துணி போர்த்தி நிறுத்தும் வண்டியில் சைலன்சர் சூடேறுவதே இல்லை. குளிர்ந்த தகட்டில் ஆவி படிந்து நீராகி அடியில் தேங்குகிறது. அந்தக் காலத்துப் பெட்ரோலில் கந்தகமும் அதிகம். அது நீரோடு சேர்ந்தால் அமிலம். அப்பாவின் வண்டியைப் பத்திரமாக வைத்திருப்பதாக நினைத்து நான் செய்துவந்த காரியமே அதன் சைலன்சரைக் கொன்றிருக்கிறது. பாசத்தோடு வாராவாரம் உதைத்து அணைப்பவர்கள் பலர் உண்டு. எடுத்தால் அரை மணி நேரமாவது ஓட்டுங்கள். முடியாவிட்டால் தொடாமல் விடுங்கள்.

மைசூரு யாதவகிரியில் ஐடியல் ஜாவா தொழிற்சாலை 1961-ல் உற்பத்தியைத் தொடங்கியது. செக்கோஸ்லோவாகியாவின் ஜாவாவிடம் உரிமம் பெற்று முதலில் ஜாவா, பிறகு 1970-களில் யெஸ்டி என்ற சொந்தப் பெயர். 1978-ல் ரோட்கிங் வந்தது. 1996-ல் ஆலை மூடப்பட்டது. இன்றும் ஜூலை மாதத்து இரண்டாவது ஞாயிறு ஜாவா–யெஸ்டி தினம் என்று பெங்களூரில் இந்த வண்டிகள் நூற்றுக்கணக்கில் கூடுகின்றன. ஆலை போய்ச் சுமார் முப்பது ஆண்டுகள். கம்பெனி சரக்கு கிடைப்பது அபூர்வம். சந்தையில் தொங்குபவை பெரும்பாலும் பிறகு யாரோ பார்த்துச் செய்தவை. வெளிவடிவம் அச்சு அசலாக இருக்கும். உள்ளே என்ன இருக்கிறது என்பதில்தான் விஷயம் முழுவதும்.

ஏனென்றால் டூ-ஸ்ட்ரோக் எஞ்சினுக்குச் சைலன்சர் என்பது சத்தத்தை அடக்கும் டப்பா மட்டும் அல்ல. எஞ்சினின் ஓர் உறுப்பு அது. புல்லட் போன்ற ஃபோர்-ஸ்ட்ரோக்கில் புகை வெளியேறும் வழியை ஒரு வால்வு திறந்து மூடுகிறது. அந்தக் கால ஜாவாவிலும் யெஸ்டியிலும் அந்த வால்வு கிடையாது. சிலிண்டர் சுவரில் ஜன்னல்கள் இருக்கின்றன. புகை வெளியேறும் ஜன்னல் பிஸ்டன் கீழிறங்கும்போது திறக்கிறது, ஏறும்போது மூடுகிறது. அது திறந்திருக்கும்போதே புதிய பெட்ரோல்–காற்றுக் கலவை உள்ளே வந்து எஞ்சிய புகையைத் தள்ளுகிறது. தள்ளுகிற வேகத்தில் புதுக் கலவையும் கொஞ்சம் புகையோடு வெளியே நழுவிவிடும். காசு கொடுத்து வாங்கிய பெட்ரோல் எரியாமலே குழாய்க்குள் போகிறது. அதைத் தடுக்கக் கதவு இல்லை. அந்தக் கதவின் வேலையை ஓர் அலை செய்கிறது.

ஜன்னல் திறந்ததும் வெடிக்கும் அழுத்தம் ஓர் அலையாகக் குழாயில் ஓடுகிறது. குழாய் அகலும் இடத்தில் அதன் ஒரு பகுதி உறிஞ்சும் அலையாகத் திரும்பி வந்து புகையை வெளியே இழுக்கிறது. குழாய் குறுகும் இடத்தில், அல்லது உள்ளே இருக்கும் தடுப்புத் தகட்டில் மோதும்போது, தள்ளும் அலையாகத் திரும்புகிறது. ஜன்னல் மூடும் தறுவாயில் அது வந்து சேர்ந்தால், நழுவிய கலவையை மறுபடி சிலிண்டருக்குள் திணித்துவிடும்.

நேரக் கணக்கைப் போட்டுப் பார்த்தபோது எனக்கு மயிர்க்கூச்செறிந்தது. எஞ்சின் நிமிடத்துக்கு 4,800 சுற்று சுற்றுகிறது என்று வைத்துக்கொள்வோம். நொடிக்கு 80 சுற்று. ஒரு சுற்றில் ஏறக்குறைய ஐந்தில் இரண்டு பங்கு நேரம் ஜன்னல் திறந்திருக்கும் என்றால், அது ஒரு நொடியில் 200-ல் ஒரு பங்கு. சூடான புகையில் ஒலி நொடிக்குச் சுமார் 500 மீட்டர் வேகத்தில் ஓடும். சாதாரணக் காற்றில் இருப்பதைவிட ஒன்றரை மடங்கு. ஆக, கிடைக்கும் நேரத்தில் அலை இரண்டரை மீட்டர் போகலாம். போய்த் திரும்ப வேண்டும் என்பதால் அதில் பாதி, ஒன்றேகால் மீட்டர். சிலிண்டரில் கிளம்பி, வளைந்து கீழிறங்கி, பின்சக்கரத்தை ஒட்டிப் போகும் அந்த நீளம் அழகுக்காக வைத்தது அல்ல. தோராயக் கணக்குதான், ஆனால் அந்த நீளத்துக்குக் காரணம் இருக்கிறது என்று காட்ட இது போதும்.

இந்த அலையை முழுதாக வசப்படுத்தியவர் கிழக்கு ஜெர்மனியின் எம்.இசட். நிறுவனத்துப் பொறியாளர் வால்ட்டர் காடன். 1961-ல் அவருடைய 125 சிசி பந்தய எஞ்சின் 25 குதிரைத்திறனைத் தந்தது. லிட்டருக்கு 200 குதிரைத்திறன் என்பது அன்று யாரும் எட்டாத உயரம். அதே ஆண்டு அவருடைய பந்தய வீரர் எர்ன்ஸ்ட் டெக்னர் ஸ்வீடன் பந்தயத்தின்போது மேற்கு நாட்டுக்குத் தப்பி சுசுகியில் சேர்ந்தார். அடுத்த ஆண்டே 50 சிசி உலகப் பட்டம் சுசுகிக்கு. ஒரு குழாயின் உள்வடிவம் நாடுகளுக்கிடையே ரகசியமாகக் கடத்தப்படும் சரக்காக இருந்த காலம் அது. யெஸ்டியின் சைலன்சர் பந்தயக் குழாய் அல்ல. ஆனாலும் அலை அதே அலைதான்.

இது தெரியாமல் சில ஆண்டுகளுக்கு முன் ஒரு கடையில், 'ஸ்போர்ட்ஸ்' என்று சொல்லிக் கொடுத்த குட்டை சைலன்சரை ஜோடியாக மாட்டினேன். சத்தம் தெருவையே எழுப்பியது. இழுவை போய்விட்டது. நந்தி மலை ஏற்றத்தில் எப்போதும் மூன்றாவது கியரில் ஏறும் வண்டி இரண்டாவதுக்கு இறங்கி முனகியது. பெட்ரோலும் கூடுதலாகக் குடித்தது. பிளக்கைக் கழற்றினால் காப்பித்தூள் நிறத்தில் இருக்க வேண்டிய முனை வெளுத்திருந்தது. புகை தடையில்லாமல் போனதில் காற்று அதிகமாகி, பெட்ரோல் போதாமல் எஞ்சின் கொதித்திருக்கிறது. கார்புரேட்டரில் மெயின் ஜெட்டை மாற்றாமல் அப்படியே ஓட்டியிருந்தால் பிஸ்டன் பிடித்திருக்கும். சத்தம் கூடினால் சக்தி கூடும் என்ற நம்பிக்கையை அன்றோடு விட்டேன்.

சத்தத்தைப் பற்றியும் சொல்ல வேண்டும். சைலன்சருக்குள் இருக்கும் அறைகள் கூர்மையான வெடிச்சத்தத்தை நன்றாக அடக்கும். நொடிக்கு 80 அதிர்வுள்ள அடிக்குரலின் அலைநீளம் அந்தச் சூட்டில் ஆறு மீட்டருக்கு மேல். ஓர் அறை அதை நன்றாக அடக்க அலைநீளத்தில் கால்பங்காவது நீளம் வேண்டும். ஒன்றரை மீட்டர் அறைக்கு மோட்டார் சைக்கிளில் ஏது இடம்? அதனால்தான் நல்ல சைலன்சர் மாட்டிய யெஸ்டியிலும் அந்த ஆழ்ந்த குரல் தப்பிப் பிழைக்கிறது. நமக்குப் பிடித்த ஒலியைக் கேட்க உள்குழாயைப் பிடுங்கி எறிய வேண்டியதில்லை. பிடுங்கினால் கூடுவது காதைக் கிழிக்கும் பகுதிதான். 1989-ன் மத்திய மோட்டார் வாகன விதிகளில் 120-ஆவது விதி சைலன்சரைக் கட்டாயமாக்குகிறது. ஒலி வரம்பை மீறினால் 2019 திருத்தத்துக்குப் பின் 10,000 ரூபாய் வரை அபராதமோ, மூன்று மாதம் வரை சிறையோ, இரண்டுமோ உண்டு. வண்டியின் வயதைச் சொல்லிச் சலுகை கேட்பதும் சரியில்லை. பக்கத்து வீட்டுக் கைக்குழந்தைக்கு அது பாரம்பரிய வண்டி என்று தெரியாது.

மறுபடி சந்துக்கு வருகிறேன். இந்தமுறை பாய் இரண்டு ஜோடிகளைப் பெஞ்சில் வைத்தார். ஒன்று பார்த்தால் முகம் தெரிகிற பளபளப்பு. இன்னொன்று கொஞ்சம் மங்கல். "கையில் தூக்கிப் பாருங்க சார்" என்றார். பளபளப்பானது தகர டப்பா போல இலேசாக இருந்தது. விரலால் சுண்டினால் கணகணவென்றது. மங்கலானது கனம், சுண்டினால் மந்தமான ஒலி. அது 18 கேஜ் தகடு, அதாவது 1.2 மில்லிமீட்டர், மற்றது 22 கேஜ், 0.7 மில்லிமீட்டர். மெல்லிய தகடு தானே அதிர்ந்து சத்தம் போடும். துருவுக்கும் சீக்கிரம் இரையாகும். டார்ச் அடித்து உள்ளே பார்த்தேன். கனமானதில் தடுப்புத் தகடுகளோடு உள்குழாய் ஒரு நட்டில் நின்றது, கழற்றலாம். மற்றதில் ஓட்டை போட்ட ஒரு நேர்க்குழாய், அதுவும் பற்றவைத்து மூடியது. டூ-ஸ்ட்ரோக்கில் எண்ணெயும் சேர்ந்து எரிவதால் கரி படிந்தே தீரும். கழற்றிச் சுரண்ட முடியாத சைலன்சர் கடைசியில் அடைத்துக்கொள்ளும்.

இந்தக் கரியைக் காஸ்டிக் சோடாக் கரைசலில் ஊறவைத்து எடுப்பது வழக்கம். அதில் அலுமினியப் பாகம் எதுவும் சேர்ந்துவிடக் கூடாது. அலுமினியத்தைக் கரைத்து ஹைட்ரஜனைக் கிளப்பிவிடும். தண்ணீரில்தான் சோடாவைப் போட வேண்டும், சோடாவில் தண்ணீரை ஊற்றக் கூடாது. கையுறையும் கண்ணாடியும் இல்லாமல் தொடவே வேண்டாம்.

மங்கலுக்காகத் தயங்கினேன். புதிதாக முலாம் போடலாமா என்று கேட்டேன். முலாம் என்று நாம் பார்க்கும் பளபளப்பில் குரோமியம் ஒரு மைக்ரானுக்கும் குறைவு; துருவைத் தடுப்பது அதன் அடியில் இருக்கும் நிக்கல். அந்த மெல்லிய பூச்சுக்குப் பயன்படும் ஆறிணைதிற குரோமியம் புற்றுநோய் தரும் நஞ்சு. பெங்களூரின் பீன்யா தொழிற்பேட்டையின் நிலத்தடி நீரில் அது கலந்தது ஆய்வுகளில் பதிவான விஷயம். கழிவைச் சுத்திகரிக்கும் பட்டறை கிடைத்தால் கொடுக்கலாம். இப்போதைக்கு மங்கலாகவே இருக்கட்டும் என்று சொல்லிவிட்டேன்.

பாய் வளைகுழாயின் வாயில் புதுப் பேக்கிங் வைத்து, கிளாம்பை முழுதாக முடுக்காமல் முதலில் சைலன்சரைத் தாங்கியில் உட்காரவைத்தார். இழுத்துப் பிடித்து மாட்டினால் அதிர்வில் பற்றவைத்த இடம் விரியும் என்றார். அப்புறம் எல்லா நட்டையும் ஒரே சீராக இறுக்கினார். மூன்றாவது உதையில் எஞ்சின் பிடித்தது. நீலப் புகை சந்தை மூடியது.

ஒற்றைச் சிலிண்டருக்கு இரண்டு சைலன்சர். சிலிண்டரின் புகைவழி இரண்டாகப் பிரிந்து, வலமும் இடமும் இறங்குகிறது. ஒரு பக்கம் அடைத்தாலும், கசிந்தாலும் இரண்டும் ஒரே மாதிரி மூச்சுவிடாது. பாய் வண்டிக்குப் பின்னால் குந்தி உட்கார்ந்து, இரண்டு வால்களுக்கும் ஒரு சாண் தள்ளி இரண்டு உள்ளங்கைகளையும் காட்டினார். கண்ணை மூடிக்கொண்டார்.

"ரெண்டும் சமமா அடிக்குது சார்" என்றார்.

நானும் அவர் பக்கத்தில் குந்தி, கைகளை நீட்டினேன்.