வருஷா வருஷம் கார் ஏ.சி-க்கு கேஸ் நிரப்புறீங்களா? முதல்ல லீக்கைத் தேடச் சொல்லுங்க!

அக்னி நட்சத்திரம் நெருங்கிவிட்டால் போதும். தஞ்சாவூர், கும்பகோணம், மன்னார்குடி என எந்த ஊர் கார் ஏ.சி ஒர்க்‌ஷாப்புக்குப் போனாலும், ‘கேஸ் குறைஞ்சிருக்கு சார், நிரப்பிடலாம்’ என்ற வார்த்தை காதில் விழும். பத்துப் பதினைந்து வருடம் ஓடிய கார் வைத்திருப்பவர்களுக்கு இது பழகிப்போன செலவு. போன கோடையிலும் நிரப்பினோம், இந்தக் கோடையிலும் நிரப்புவோம் என்று பெட்ரோல் கணக்கோடு சேர்த்துவிடுகிறார்கள்.

ஆனால், ஏ.சி கேஸ் பெட்ரோல் மாதிரி எரிந்து தீரும் பொருள் அல்ல. கம்ப்ரஸர் அழுத்தித் தள்ளும் கேஸ், ரேடியேட்டருக்கு முன்னால் இருக்கும் கண்டன்சரில் திரவமாகிறது. அது டேஷ்போர்டுக்குள் இருக்கும் கூலிங் காயிலில் ஆவியாகி, காருக்குள் இருக்கும் வெப்பத்தை இழுத்துக்கொண்டு மறுபடி கம்ப்ரஸருக்கே வருகிறது. அதே கேஸ்தான் சுற்றிச் சுற்றி வருகிறது. ரப்பர் ஹோஸ் வழியாகப் பல வருடங்களில் கொஞ்சம் கசிவது இயல்பு. ஒரே வருடத்தில் கூலிங் போய்விட்டது, கேஸும் குறைந்திருக்கிறது என்றால், எங்கேயோ ஓட்டை இருக்கிறது என்று அர்த்தம். அதைத் தேடாமல் நிரப்புவது, ஓட்டைக் குடத்தில் தண்ணீர் பிடிக்கிற கதைதான்.

கேஸ்தான் குறைந்ததா?

இதை முதலில் உறுதி செய்துகொள்ள வேண்டும். டெல்டாவில் தை, மாசியில் சம்பா அறுவடை நடக்கும். அறுவடை இயந்திரம் கிளப்பும் தூசு, சாலையில் காயப்போட்ட நெல், வைக்கோல் துரும்பு எல்லாம் கண்டன்சரில் அடைத்துக்கொள்ளும். வயலோரம் நிறுத்திய காரில் எலி ஏறி வயரைக் கடித்து வைத்திருக்கலாம். கேபின் ஃபில்டர் அடைத்திருக்கலாம், கண்டன்சர் ஃபேன் சுற்றாமல் இருக்கலாம். இது எதற்கும் கேஸ் நிரப்புவது மருந்தல்ல.

கேஜ் மாட்டிப் பார்த்து ‘பிரஷர் இருக்கு’ என்று சொன்னாலும் அதோடு விட்டுவிடாதீர்கள். இன்ஜின் ஓடாதபோது, 30 டிகிரி வெயிலில் ஆர்-134ஏ கேஸின் அழுத்தம் கிட்டத்தட்ட 100 பி.எஸ்.ஐ காட்டும். உள்ளே கொஞ்சம் திரவம் மிச்சமிருக்கும்வரை, பாதி கேஸ் போயிருந்தாலும் அதே 100-தான்! வீட்டில் சமையல் கேஸ் சிலிண்டர் தீரப்போகிறதா என்று தூக்கிப் பார்க்கிறோமே, அதே கணக்குதான் இங்கேயும். எவ்வளவு இருக்கிறது என்பதை எடை போட்டால்தான் சொல்ல முடியும். மெஷினில் கேஸை முழுவதும் வெளியே எடுத்து, எத்தனை கிராம் வந்தது என்று பார்ப்பதே சரியான வழி. காருக்கு எத்தனை கிராம் வேண்டும் என்பது பானட்டுக்குள் ஸ்டிக்கரில் இருக்கும். சின்னக் கார்களுக்குச் சுமார் அரை கிலோ.

எண்ணெய் காட்டிக்கொடுக்கும்

கேஸுடன் கம்ப்ரஸர் ஆயிலும் சேர்ந்தே சுற்றுகிறது. கேஸ் வெளியேறும் இடத்தில் ஆயிலும் கசியும், அதில் தூசு ஒட்டிக் கறுப்பாகப் பிசுபிசுக்கும். ஒரு டார்ச் லைட் போதும். பைப் சேரும் இடங்கள், கண்டன்சரின் அடிப்பகுதி, கம்ப்ரஸரின் முன்பக்கம் ஆகியவற்றை நீங்களே பார்க்கலாம். கேஸ் நிரப்பும் வால்வுகளில் பிளாஸ்டிக் மூடி இருக்கிறதா என்றும் பாருங்கள். உள்ளே இருக்கும் சின்ன வால்வு, சைக்கிள் டியூப் வால்வு போலத்தான், தேய்ந்தால் கசியும். மொத்தச் சிக்கலும் இந்த மலிவான பொருளில் முடிந்துவிடவும் வாய்ப்புண்டு. ஆனால், கையால் அழுத்திப் பார்க்க வேண்டாம். இந்தத் திரவம் மைனஸ் 26 டிகிரியிலேயே கொதித்து ஆவியாகும். விரலிலோ கண்ணிலோ பட்டால் திசுவே உறைந்துபோகும்.

அடுத்து சோப்பு நுரை. பஞ்சர் கடையில் பார்ப்பதுபோல இணைப்புகளில் பூசினால் குமிழி வரும். இது பெரிய லீக்குக்குத்தான் சரிப்படும். பழைய கார்களில் வருவது பெரும்பாலும் மாதக்கணக்கில் கசிகிற பொடி லீக். அதற்கு யூ.வி டை என்ற சாயத்தை ஆயிலோடு கலந்து, சில நாள் ஓட்டிவிட்டு வரச்சொல்வார்கள். ஊதா விளக்கில் கசிந்த இடம் மஞ்சள் பச்சையாக மின்னும். கேஸை எடுத்துவிட்டு நைட்ரஜன் ஏற்றி, கேஜ் முள் இறங்குகிறதா என்று காத்திருந்து பார்ப்பது இன்னொரு வழி. எலெக்ட்ரானிக் டிடெக்டர் வைத்திருக்கும் கடைகளும் உண்டு. இந்தக் கேஸ் காற்றைவிடக் கனமானது என்பதால், டிடெக்டரை இணைப்புக்கு மேலே அல்ல, கீழே காட்ட வேண்டும்.

‘வாக்கும் போட்டேன், நின்னுச்சு, லீக் இல்லை’ என்று சொன்னால் கொஞ்சம் யோசியுங்கள். வாக்கும் சோதனையில் வெளிக்காற்று உள்ளே தள்ளும் அழுத்தம் 15 பி.எஸ்.ஐ-கூட இல்லை. ஏ.சி ஓடும்போது கண்டன்சர் பக்கம் 200 பி.எஸ்.ஐ-யைத் தாண்டும். அப்போது மட்டும் வாய் திறக்கும் ஓட்டை வாக்குமில் சிக்காது.

மிகவும் சங்கடமான இடம் கூலிங் காயில். டெல்டாவின் ஈரக்காற்றில் அது எப்போதும் நனைந்தே இருக்கும். தூசும் இலைச்சருகும் அதில் படிந்து அலுமினியத்தை அரித்துவிடும். வேதாரண்யம், நாகப்பட்டினம் பக்கம் என்றால் உப்புக்காற்றும் சேர்ந்துகொள்ளும். பல கார்களில் டேஷ்போர்டையே கழற்ற வேண்டும் என்பதால் கூலிதான் அதிகம். அதனால் ‘காயில்தான் போயிருக்கும்’ என்ற ஊகத்துக்குப் பணம் கொடுக்காதீர்கள். காருக்கு அடியில் ஏ.சி தண்ணீர் சொட்டும் குழாயில் சாயம் மின்னுகிறதா, அங்கே டிடெக்டர் கத்துகிறதா என்று காட்டச் சொல்லுங்கள்.

லீக் தேடிய இன்ஜினீயர்

இந்தத் தேடலை ஒர்க்‌ஷாப் வேலை என்று சாதாரணமாக நினைத்துவிட வேண்டாம். தமிழகத்தைச் சேர்ந்த வீரபத்ரன் ராமநாதன், டெல்டாவின் வடகோடியான சிதம்பரத்தில், அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தில் 1965-ல் இன்ஜினீயரிங் முடித்தவர். செகந்திராபாத்தில் ஒரு ஃப்ரிட்ஜ் கம்பெனியில் அவருக்குக் கிடைத்த வேலையே, குளிர்விக்கும் கேஸ் ஏன் கசிகிறது என்று தேடுவதுதான். பின்னாளில் அமெரிக்காவில் நாசா ஆய்வு மையத்தில் இருந்தபோது, அதே சி.எஃப்.சி வாயுக்கள் வானில் கலந்தால் என்ன ஆகும் என்று கணக்குப் போட்டார். அதன் ஒரு மூலக்கூறு, கரியமில வாயுவின் ஒரு மூலக்கூறைவிட 10,000 மடங்குக்கும் மேல் வெப்பத்தைப் பிடித்துவைக்கும் என்று 1975-ல் ‘சயின்ஸ்’ இதழில் எழுதி உலகைத் திரும்பிப் பார்க்க வைத்தார்.

அந்தக் கால மாருதி 800 ஏ.சி-யில் இருந்தது இந்தக் குடும்பத்தைச் சேர்ந்த ஆர்-12 தான். ஓசோன் படலத்தை அரிப்பதால், 1987 மான்ட்ரியல் ஒப்பந்தத்துக்குப் பிறகு படிப்படியாக அது ஒழிந்து, கார்களுக்கு ஆர்-134ஏ வந்தது. ஓசோனுக்கு இது பரவாயில்லை, ஆனால் வெப்பத்துக்கு நல்ல பிள்ளை இல்லை. அரை கிலோ கசிந்தால், ஏறக்குறைய 300 லிட்டர் பெட்ரோல் எரித்த புகைக்குச் சமம்!

சரிசெய்யும்போது...

ஓட்டை கிடைத்ததும் அந்தப் பாகத்தோடு ஓ-ரிங், டிரையர் இரண்டையும் மாற்றச் சொல்லுங்கள். பிறகு வாக்கும் போட்டு, எடை பார்த்து கேஸ் ஏற்ற வேண்டும். ‘லீக்கை அடைக்கும் லிக்விட்’ ஊற்றலாம் என்றால் வேண்டாம் என்றே சொல்வேன். அது எக்ஸ்பான்ஷன் வால்வையும் சேர்த்து அடைத்துவிடக்கூடும். விலை குறைவு என்று சமையல் கேஸ் கலந்ததை ஏற்ற யாராவது முன்வந்தால், சாவியை வாங்கிக்கொண்டு கிளம்பிவிடுங்கள். அது தீப்பிடிக்கும் பொருள், கூலிங் காயில் இருப்பது நீங்கள் உட்காரும் இடத்துக்குள்.

வெளிநாட்டிலோ சென்னையிலோ இருக்கும் பிள்ளைகள் பொங்கலுக்கும் திருவிழாவுக்கும் வரும்போது மட்டும் ஷெட்டிலிருந்து கிளம்பும் கார்கள் டெல்டாவில் நிறைய. ஏ.சி ஓடாமலே கிடந்தால், கம்ப்ரஸர் ஷாஃப்ட் சீலுக்கு ஆயில் போகாமல் காய்ந்து, அங்கேயே கசிவு ஆரம்பிக்கும். அதனால் மார்கழிக் குளிராக இருந்தாலும் வாரத்துக்கு ஒருமுறை பத்து நிமிடம் ஏ.சி-யைப் போட்டு ஓட்டச் சொல்லுங்கள். ஷெட் கதவை மூடிக்கொண்டு இன்ஜினை ஓடவிட மட்டும் கூடாது, புகையில் இருக்கும் கார்பன் மோனாக்சைடு ஆளையே கொன்றுவிடும்.