பார்க்கின்சன்: மாத்திரை தொடங்கும் முதல் மாதங்கள்

"வயசானா கை நடுங்கத்தான் செய்யும்" என்று சொல்லியே நம் வீடுகளில் இரண்டு மூன்று வருடம் ஓடிவிடுகிறது. நடுக்கமே இல்லாமலும் பார்க்கின்சன் வரும். சட்டைப் பொத்தான் போட நேரமாகும், கையெழுத்து சிறுத்துப்போகும், நடக்கும்போது ஒரு கை மட்டும் வீசாது. ஒருவழியாக நோய்க்குப் பெயர் தெரிந்து, மருத்துவர் மடோபார் எழுதித் தந்ததும் வீட்டில் அடுத்த வாக்குவாதம் ஆரம்பிக்கும்: "இப்பவே போட்டா பின்னாடி மருந்து கேக்காதாமே?"

தள்ளிப்போடுவதில் லாபம் உண்டா?

இல்லை. மூளையில் டோபமைன் சுரக்கும் செல்கள் குறைவதால் வருவது இந்த நோய். டோபமைனை அப்படியே கொடுத்தால் மூளைக்குள் போகாது. மடோபாரில் இருக்கும் லெவோடோபா போகும், போய் டோபமைனாக மாறும். கூடவே இருக்கும் பென்செராசைடு, லெவோடோபா வழியிலேயே மாறி வீணாகாமல் பார்த்துக்கொள்கிறது. நெதர்லாந்தில் 445 நோயாளிகளை வைத்துச் செய்த ஆய்வு 2019-இல் வெளியானது. லெவோடோபாவை உடனே தொடங்கியவர்களுக்கும் 40 வாரம் கழித்துத் தொடங்கியவர்களுக்கும் 80 வார முடிவில் வித்தியாசம் இல்லை. மருந்து நோயை நிறுத்தவில்லை. முன்கூட்டிச் சாப்பிட்டதால் கெடுதலும் வரவில்லை. அப்படியிருக்க, பிரிக்ஃபீல்ட்ஸில் சாலையைக் கடக்கவே சிரமப்படுகிறவர் எதற்காகப் பொறுத்துக்கொள்ள வேண்டும்?

சாப்பாட்டு நேரம்

மருத்துவர் குறைந்த அளவில் தொடங்கி மெல்லக் கூட்டுவார். முதல் வாரங்களில் சிலருக்குக் குமட்டும். அப்போது வெறும் வயிற்றில் போடாமல் இரண்டு பிஸ்கட்டோடு போடலாம். வயிறு பழகியபின், சாப்பாட்டுக்கு அரைமணி நேரம் முன்பு போடுவது நல்லது. குடலில் லெவோடோபா போகும் அதே பாதையில்தான் புரதமும் போகிறது. ஏழு மணிக்கு மாத்திரை, ஏழரைக்கு ரொட்டி சானாயும் பருப்பும் என்றால் பிரச்சினை இல்லை. மாத்திரையைத் தெ தாரிக்கோடு விழுங்கினால், பாலில் இருக்கும் புரதம் அதற்குப் போட்டியாகிவிடும். அதற்காகப் பருப்பு, தயிர், மீனையெல்லாம் ஒதுக்கிவிடாதீர்கள், உடம்பு இளைத்துவிடும். இரும்புச்சத்து மாத்திரைக்கும் இதற்கும் நடுவே இரண்டு மணி நேரமாவது இடைவெளி விடுங்கள்.

தைப்பூச விரதம் இருப்பவர்கள் சாப்பாட்டோடு மாத்திரையையும் விட்டுவிடக் கூடாது. விரதம் தொடங்கும் முன்பே மருத்துவரிடம் பேசி நேரத்தை மாற்றி அமைத்துக்கொள்ளலாம்.

சொல்லக் கூச்சப்படுவது

மாத்திரை தொடங்கியபின் படுக்கையிலிருந்து எழும்போது தலை சுற்றினால் சொல்லிவிடுகிறோம். அறையில் இல்லாத ஆள் தெரிந்தால் மறைக்கிறோம். அதைவிட அதிகம் மறைக்கப்படுவது பணம். பார்க்கின்சனுக்கே தரப்படும் பிராமிபெக்சோல், ரோபினிரோல் போன்ற மாத்திரைகள் சிலருக்கு அடக்க முடியாத ஆசைகளைக் கிளப்பும். வாழ்நாளில் நம்பர் கடைப் பக்கம் போகாத அப்பா தினமும் நம்பர் எடுக்கத் தொடங்கினால் அவரைத் திட்டாதீர்கள், மருந்தைச் சந்தேகியுங்கள். மருத்துவர் அளவைக் குறைத்தாலோ மருந்தை மாற்றினாலோ பெரும்பாலும் சரியாகிவிடும்.

நீங்களாகச் செய்யக் கூடாதவை

மாத்திரையைத் திடீரென நிறுத்தாதீர்கள். உடம்பு இறுகி, காய்ச்சல் ஏறி, உயிருக்கே ஆபத்தாகலாம். வாந்திக்கு வேறு கிளினிக் போனால் பார்க்கின்சன் இருப்பதை முதலில் சொல்லுங்கள். வாந்திக்குத் தரும் மேக்சலோன், ஸ்டெமெட்டில் இரண்டும் டோபமைனின் வேலையைத் தடுப்பவை.

பிறகு பூனைக்காலி விதைப் பொடி. "நாட்டு மருந்துதானே, என்ன செய்துவிடும்?" என்பார்கள். அந்த விதையில் லெவோடோபாவே இருக்கிறது. தாமோதரன், ராமசாமி என்ற இருவர் 1937-இலேயே அதைப் பிரித்தெடுத்துக் காட்டினார்கள். மடோபாரோடு அதையும் சேர்த்தால், அளவு தெரியாமல் ஒரே மருந்தை இரண்டு தடவை சாப்பிடுகிறீர்கள். கை கால்கள் தாமாக ஆடும், தலை சுற்றும்.

அடுத்த தவணைக்குப் போகுமுன்

மாத்திரை போட்ட நேரம், உடம்பு லேசான நேரம், மறுபடி இறுகிய நேரம் மூன்றையும் ஒரு நோட்டில் எழுதி எடுத்துப்போங்கள். "பரவாயில்லை டாக்டர்" என்ற பதிலை வைத்து யாராலும் மருந்து அளவைத் திருத்த முடியாது. மாத மருந்து வாங்க ஒவ்வொரு முறையும் கிள்ளான் பெரிய மருத்துவமனைக்கு அலைய வேண்டாம் என்றால், வீட்டுக்கு அருகிலுள்ள அரசாங்க கிளினிக்கில் வாங்கிக்கொள்ளும் 'ஸ்பப்' வசதி கிடைக்குமா என்று மருந்தக கவுண்டரில் கேளுங்கள். மாத்திரை தீர்ந்தபின் அல்ல, ஒரு வாரம் கைவசம் இருக்கும்போதே.