ஏடு மாறவில்லை என்பதற்கு எது சாட்சி?

எங்கள் வீட்டு ஸ்ரீபுராண ஏட்டை 2004-ல் படம் பிடித்துக் குறுந்தகட்டில் வைத்தோம். ஏடு பிறகு செல்லரித்துப் போயிற்று. அண்மையில் உறவினர் இருவரிடமிருந்த பிரதிகளை ஒப்பிட்டேன். ஒரே ஏட்டில், ஒருவர் படத்தில் 'ண', மற்றவர் படத்தில் 'ன'! தெளிவுக்காக வெளிச்சம் கூட்டியதாக இருவருமே சொல்கிறார்கள். எந்தப் பக்கம் என்று நினைவில்லையாம். கோப்பின் தேதியை நம்பலாமா என்றால், நகலெடுக்கும்போதே அது மாறிவிடக்கூடும்.

ஆவணக் காப்பகங்களில் இதற்கு ஒரு வழி வெச்சிருக்காங்க. சரக்கு மூட்டைக்கு ஈய முத்திரை வைப்போமே, அதுபோல. கோப்பு முழுவதையும் கணக்கிட்டு 'ஹாஷ்' என்றொரு எண் எடுக்கிறார்கள். எஸ்.எச்.ஏ.-256 முறையில் எடுத்தால், கோப்பு எவ்வளவு பெரிதானாலும் 64 குறிகள்தான். ஒரு புள்ளியில் கை வைத்தாலும் எண் அடியோடு மாறிவிடும். எண்ணைக் கோப்போடு சேர்த்து வைக்கக் கூடாது. திருடனிடமே முத்திரைக் கட்டையைக் கொடுத்த மாதிரி ஆகும். பழைய முறைகளும் உதவா. எம்.டி.5 முறை 2004-லும், எஸ்.எச்.ஏ.-1 முறை 2017-லும் உடைக்கப்பட்டன. வெவ்வேறு கோப்புகளுக்கு ஒரே எண் வரும்படி செய்து காட்டிவிட்டார்கள்.

ஆனால் முத்திரையை நாமே உடைக்க வேண்டிய காலமும் வரும். திஸ்கி எழுத்துருவில் தட்டச்சிட்ட தமிழ்க் கோப்புகளை யூனிகோடுக்கு மாற்றினோம் அல்லவா? சொல் அதேதான், ஹாஷ் வேறு! அப்போது நம்பகம் எண்ணில் இல்லை, குறிப்பில் இருக்கிறது. யார், எப்போது, எந்த மென்பொருளால் மாற்றினார் என்று எழுதி, பழைய கோப்பையும் உடன் வைக்க வேண்டும். காப்பகங்கள் பின்பற்றும் ஐ.எஸ்.ஓ. 14721 தரம் (முதல் பதிப்பு 2003) கோப்பின் வரலாற்றையும் மாறாமைச் சான்றையும் சேர்த்தே கேட்கிறது. விண்வெளித் தரவுகளுக்காகத் தொடங்கிய தரம் அது!

நம்மவருக்கு இது புதிதல்ல. ஓலை நிலைக்காது என்பதால்தான் படியெடுத்தார்கள்; நம் சமணத்தில் அது சாஸ்திர தானம். எழுதி முடித்தவர் கடைசி ஏட்டில் ஆண்டு, மாதம், தன் பெயர் எல்லாம் குறித்து வைப்பதுண்டு. நாங்கள்தான் குறுந்தகட்டின் மேல் 'ஏடு' என்று மட்டும் எழுதினோம்.

இப்போது இரண்டு பிரதிகளையும் அப்படியே வைத்து, இன்றைய ஹாஷ் எடுத்து, நடந்ததை ஒரு தாளில் எழுதி மூன்று வீடுகளில் கொடுத்திருக்கிறேன். 2004-லேயே அந்த எண்ணைக் குறித்திருந்தால் அரை நிமிஷ வேலை. 'ண'வா 'ன'வா என்பதை வேறு ஊர் ஏடுகளில்தான் தேட வேண்டும்.