மிதித்தால் ஆடுது, விட்டால் நிக்குது!

கார் ஆடுகிறது என்று வாய் தவறிச் சொல்லிவிட்டால் போதும், சுற்றியிருக்கிற அத்தனை பேரும் டாக்டராகிவிடுவார்கள். "பெட்ரோல்ல கலப்படம்" என்றார் மாமனார். "டயர் போச்சு மாப்ளே" என்றார் பெரிய மச்சினர். எதிர் வீட்டு ரிட்டயர்டு தாசில்தார் வண்டியை ஒரு சுற்றுச் சுற்றி வந்து, "எதுக்கும் ஒரு பூசணிக்காய் உடைச்சிடுங்களேன்" என்றார்.

என்னுடையது சின்னக் கார். சேலம் டவுனுக்குள் சமர்த்தாக ஓடும். பைபாஸில் ஐம்பதைத் தாண்டி அழுத்தினால் மட்டும் குளிர் ஜுரம் கண்ட மாதிரி உடம்பெல்லாம் உதறல். மச்சினர் வாக்கை டயர் கடையும் வழிமொழிந்தது. முன்பக்கம் இரண்டு புது டயர், பேலன்ஸ், அலைன்மென்ட் என்று ஏழாயிரத்துச் சொச்சம் பில். காபி மட்டும் இலவசம். மறுநாள் அதே உதறல், புது டயரோடு!

அந்த ஞாயிறு, மாமியார் சகிதம் ஐந்து பேர் ஏற்காடு ஏறினோம். 20 கொண்டை ஊசி வளைவு. ஏற்றத்தில் மிதிக்க மிதிக்க டேஷ்போர்டுப் பிள்ளையார் இடமும் வலமுமாக ஆடினார். "மாப்பிள்ளை, எதாச்சும் கழண்டுகிட்டு வருதா பாருங்க" என்றார் மாமியார், முருகனைக் கூப்பிடுவதற்கு நடுவில். மலை உச்சிக்குப் போய்ச் சேர்வோமா என்று எனக்கே உள்ளுக்குள் உதறல்தான். வேடிக்கை என்னவென்றால், சாயங்காலம் இறங்கும்போது வண்டி வெண்ணெய் மாதிரி வந்தது!

இதை நண்பர் சொல்லி அனுப்பிய மெக்கானிக் பாயிடம் ஒரு பேச்சுக்குச் சொன்னேன். பானட்டைத் திறக்கப் போனவர் கையை எடுத்துவிட்டார்.

"இறங்குறப்ப ஆடவே இல்லையா ஸார்? வாங்க, ஒரு ரவுண்டு போவோம்."

பைபாஸில் எழுபது வந்ததும், "காலை எடுங்க" என்றார். உதறல் நின்றது. "மிதிங்க." வந்தது. மறுபடி எடுக்கச் சொன்னார். நின்றது.

"சக்கரத்துக்கு உங்க கால் எங்க இருக்குன்னு தெரியாது ஸார். பேலன்ஸ் கோளாறுன்னா ஒரு குறிப்பிட்ட ஸ்பீடுல, எண்பது தொண்ணூறுல, மிதிச்சாலும் விட்டாலும் ஆடும். இது மிதிச்சா மட்டும் ஆடுது. இன்ஜின் தர்ற இழுவை சக்கரத்துக்குப் போற பாதையிலதான் கோளாறு."

எனக்கு ஏழாயிரம் ரூபாய் ஞாபகம் வந்தது.

இன்ஜினையும் அவர் லேசில் விடவில்லை. மிதிக்கும்போது ஆடுவதற்கு ஒரு ஸிலிண்டர் சரியாக எரியாததும் காரணமாக இருக்கலாம். மெக்கானிக் பாஷையில் 'மிஸ்ஸிங் அடிக்குது'. பிளக், காயில், இன்ஜெக்டர் இவற்றில் ஏதாவது மக்கர் பண்ணினால் வரும். ஸ்கேனரைச் சொருகினால் நம்பர் காட்டும். பி0301 என்றால் முதல் ஸிலிண்டர், பி0302 என்றால் இரண்டாவது. என் வண்டியில் எதுவும் காட்டவில்லை. அடுத்து, இன்ஜினைத் தாங்கும் ரப்பர் மவுன்டிங். ஹேண்ட் பிரேக் போட்டு, கால் பிரேக்கையும் அழுத்திக்கொண்டு, கிளட்சை ஒரு துளி விடச் சொன்னார். ரப்பர் கிழிந்திருந்தால் இன்ஜின் எழும்பிக் குதிக்குமாம். குதிக்கவில்லை. (இதை நீங்கள் செய்து பார்ப்பதானால் வண்டிக்கு முன்னால் யாரும் நிற்கக் கூடாது. மச்சினர் உள்பட!)

அப்புறம்தான் வண்டியைத் தூக்கி அடியில் போனார். கியர் பாக்ஸிலிருந்து சக்கரத்துக்குப் போகும் கம்பிக்கு ஆக்ஸில் ஷாஃப்ட் என்று பெயர். அதன் இரண்டு முனையிலும் ஒரு ஜாயின்ட். சக்கரம் பள்ளத்தில் இறங்கினாலும் மேட்டில் ஏறினாலும், திரும்பினாலும், இழுவை சீராகப் போகவேண்டும் என்பதற்காக. வெளி ஜாயின்டில் இருப்பவை இரும்பு உருண்டைகள். ஆல்ஃபிரட் செப்பா என்பவர் 1920களில் யோசித்தது. 1959-ல் வந்த பிரிட்டிஷ் மினி கார்தான் இந்த வகை ஜாயின்டைச் சின்னக் கார்களுக்குள் கொண்டுவந்தது. உள் ஜாயின்ட் வேறு ரகம். ஒரு கிண்ணத்துக்குள் மூன்று பள்ளம், அதில் ஓடும் மூன்று உருளை.

கிண்ணத்தின் பள்ளம் தேய்ந்துவிட்டால் உருளை வழுக்கி ஓடாது, இடறும். ஒரு சுற்றுக்கு மூன்று இடறல். அறுபது கிலோமீட்டர் வேகத்தில் என் காரின் சின்னச் சக்கரம் விநாடிக்குச் சுமார் பத்துச் சுற்றுச் சுற்றும். கணக்குப் போட்டால் விநாடிக்கு முப்பது உதை! காலை எடுத்தால் இழுவை இல்லை, உதையும் இல்லை. மிதித்தால் வண்டியின் மூக்கு லேசாகத் தூக்கும். பின் ஸீட்டில் மூன்று பேர் உட்கார்ந்தால் இன்னும் தூக்கும். அப்போது ஷாஃப்டின் கோணம் அதிகமாகி இடறலும் கூடும். ஏற்காட்டில் பிள்ளையார் ஆடியதன் ரகசியம் இதுதான்.

"பாருங்க ஸார்." இடது பக்கம் உள் ஜாயின்டை மூடும் ரப்பர் உறையில் ஒரு விரற்கடைக் கிழிசல். உள்ளே இருக்கவேண்டிய கிரீஸ் வெளியே சிதறி, அதன் மேல் ஆறு மாத மண். ஷாஃப்டைப் பிடித்து மேலும் கீழும் ஆட்டினார். லொடலொட.

கிழிந்த புதிதில் பார்த்திருந்தால் உறையும் கிரீஸுமாகச் சில நூறு ரூபாயில் முடிந்திருக்கும் என்றார். மண் புகுந்து பள்ளம் தேய்ந்த பிறகு ஜாயின்டையே மாற்றத்தான் வேண்டும். மாற்றினார். ஷாஃப்டை உருவினால் கியர் ஆயில் ஒழுகும். அதை மறுபடி சரியான அளவுக்கு ஊற்றினாரா என்று கேட்டு வாங்கிக்கொள்வது நம் பொறுப்பு.

வெளி ஜாயின்ட் போனால் ஜாதகம் வேறு. ஸ்டியரிங்கை முழுக்க ஒடித்துத் திருப்பும்போது 'டக் டக் டக்' என்று சத்தம் வரும். அம்பாஸடர், சுமோ, குவாலிஸ் மாதிரி பின் சக்கரம் இழுக்கிற வண்டி வைத்திருப்பவர்கள் நடுவில் ஓடும் புரொப்பெல்லர் ஷாஃப்டின் கிராஸ் ஜாயின்டைப் பார்க்கச் சொல்லவேண்டும்.

இதற்கெல்லாம் இரண்டு நாள் பொறுக்கலாம். இரண்டு விஷயத்துக்குப் பொறுக்கக் கூடாது. ஆட்டத்தோடு இன்ஜின் விளக்கு விட்டு விட்டு எரிந்தால், எரியாத பெட்ரோல் போய்ப் புகைக் குழாயிலுள்ள கேட்டலிடிக் கன்வெர்ட்டரைப் பொசுக்குகிறது என்று அர்த்தம். அழுத்தாமல் ஓரம் கட்டுங்கள். இன்னொன்று, பஞ்சர் போட்டோ டயர் மாற்றியோ வந்த பிறகு புதிதாக ஆட ஆரம்பித்தால், வீல் நட் லூஸாக இருக்கலாம். வீடு வரைக்கும் போய்ப் பார்த்துக்கொள்ளலாம் என்று நினைக்காதீர்கள். அங்கேயே நிறுத்தி, வீல் ஸ்பேனரை எடுத்து, எதிரெதிர் நட்டாக இறுக்குங்கள். டயர் மாற்றினால் 50, 100 கிலோமீட்டர் ஓடியதும் மறுபடி ஒருமுறை இறுக்கிப் பார்க்கவேண்டுமாம். எனக்குக் காபி கொடுத்த கடையில் இதைச் சொல்லவில்லை. பாய்தான் சொன்னார், கையைத் துடைத்துக்கொண்டே.