காற்றைக் குடிக்கும் லொறி

இரவு முழுக்க நின்ற பழைய டீசல் லொறி விடியற்காலையில் ஸ்டார்ட் எடுக்க மறுக்கிறது. தாங்கியில் டீசல் இருக்கிறது, பற்றரியும் நல்லது. குனிந்து பார்த்தால் நிலத்தில் ஒரு சொட்டுக்கூட ஒழுகவில்லை. பெட்போர்டோ டாட்டா 1210-ஓ, பழைய லொறி வைத்திருக்கும் எவருக்கும் இந்தக் காலைப்பொழுது புதிதல்ல. "எயார் பிடிச்சிட்டுது" என்பார் மெக்கானிக்.

ஒழுகாத குழாயில் ஓட்டையா? ஆம். தாங்கியிலிருந்து பம்ப் வரை டீசல் தள்ளப்படுவதில்லை, உறிஞ்சப்படுகிறது. அதனால் வெடிப்பு வழியாக டீசல் வெளியே வராது. காற்றுத்தான் உள்ளே போகும். இன்ஜெக்டர் பம்ப் அழுத்தும்போது காற்றுக் குமிழி சுருங்கிக் கொடுக்குமே தவிர, இன்ஜெக்டரைத் திறக்காது. பம்புக்கு முன்னால் ஒரு முழம் ஒளி ஊடுருவும் பிளாஸ்டிக் குழாயைத் தற்காலிகமாகப் பொருத்தினால், குமிழிகள் ஒன்றன்பின் ஒன்றாக ஓடுவது கண்ணுக்கே தெரியும்.

எரிபொருள் என்றாலே வன்னிக்குப் பழைய நினைவுகள் வரும். 1990இல் தொடங்கிய பொருளாதாரத் தடைக்குப் பிறகு பெற்றோல் வாகனங்கள் மண்ணெண்ணெயில் ஓடின. காபரேற்றருக்குள் சில துளி பெற்றோல் விட்டு ஸ்டார்ட் செய்து, எஞ்சின் சூடேறிய பின் மண்ணெண்ணெய்க்கு மாற்றுவார்கள். 1996இல் கிளிநொச்சி இராணுவத்தின் கைக்குப் போனபோது இடம்பெயர்ந்த சனம் மல்லாவியில் நிறைந்தது. உதிரிப்பாகம் கிடைக்காத அந்நாட்களில் அகப்பட்டதைக் கொண்டு ஒட்டுப்போட்டவர்களின் கைத்திறன் மிகப் பெரியது. ஆனால் சரியான ஹோஸ் வாங்கக் கிடைக்கும் இன்றைக்கும் அதே ஒட்டு தொடர்வது சரியல்ல.

இயற்கை இரப்பர் டீசலில் ஊறிப் பருத்து இளகிவிடும். ரேடியேட்டர் ஹோஸும் இதற்குத் தோதுப்படாது. எரிபொருளுக்கென்றே செய்த நைட்ரைல் ஹோஸ்தான் வேண்டும். இரும்புக் குழாயானால், கிளிப் பிடிக்கும் இடத்தில் தண்ணீர் தங்கித் துருவேறும். அங்கேதான் முதலில் தடவிப் பார்க்க வேண்டும். செம்புக் குழாய் தொடர்ந்து அதிர்ந்தால் இறுகி வெடிக்கும். ஆடும் எஞ்சினுக்கும் ஆடாத சேசிஸுக்கும் நடுவே அதனால்தான் வளையும் ஹோஸ் துண்டு ஒன்று வருகிறது. அதைச் சற்றுத் தளர்வாக, சைலன்சரில் படாமல் விலக்கி விடவேண்டும்.

தாங்கியை வடிக்க வாயால் உறிஞ்சும் பழக்கத்தை இன்றோடு விட்டுவிடுங்கள். ஒரு மிடறு டீசல் புரையேறி நுரையீரலுக்குள் போனாலே கடும் அழற்சி வரும், உயிருக்கும் ஆபத்து.

குழாய் இணைப்புகளில் உள்ள பழைய செம்பு வோஷரைத் திரும்பப் போடுவதானால், சிவக்கக் காய்ச்சி ஆறவிட்டால் இளகும். புதியது போடுவதே நல்லது.

கடைசி வேலை எயார் எடுப்பது. பில்டரின் மேலுள்ள ஸ்குரூவைத் தளர்த்தி, கைப்பம்பை அடிக்க அடிக்க முதலில் நுரைதான் வரும். நுரை அடங்கி, குமிழியில்லாத டீசல் வழியும்போது, பம்பை அழுத்திய கையை எடுக்காமலே ஸ்குரூவை இறுக்க வேண்டும்.