லாபம் எங்கிருந்து வருகிறது?

2023 ஆகஸ்ட் மாதம், எம்.டி.எஃப்.இ. என்ற கைத்தொலைபேசிச் செயலியில் பணம் போட்டிருந்தவர்கள் தங்கள் கணக்கைத் திறந்து பார்த்துத் திடுக்கிட்டார்கள். அதுவரை நாள்தோறும் லாபம் காட்டிவந்த கணக்கு திடீரென்று கடன் காட்டியது. செயலியை நடத்தியவர்கள், முறைமையைப் புதுப்பிப்பதாகச் சொல்லிப் பணம் எடுப்பதை ஏற்கெனவே நிறுத்தியிருந்தார்கள். இப்போது அந்தக் கடனையும் கட்டச் சொல்லி மிரட்டினார்கள். இலங்கை, பங்களாதேஷ், நைஜீரியா என்று பல நாடுகளில் ஒரே சமயத்தில் இது நடந்தது. அந்நியச் செலாவணி வர்த்தகத்தைச் செயற்கை நுண்ணறிவு பார்த்துக்கொள்ளும், நீங்கள் பணத்தைப் போட்டால் மட்டும் போதும் என்பதுதான் அவர்கள் கொடுத்த வாக்கு. வர்த்தகம் நடந்ததற்கான அடையாளம் திரையில் ஓடிய இலக்கங்கள் மட்டுமே.

பதுளையிலிருந்து பசறை வழியாகப் பிபிலை நோக்கிப் போகும் வீதியில் இருக்கிறது நம் லுணுகலை; கொழும்பிலிருந்து வெகுதொலைவு. இப்படிப்பட்ட மோசடிகளின் பெயர்ப்பலகைகள் பெரும்பாலும் கொழும்பில்தான் தொங்கியிருக்கின்றன. ஆனால் செயலிக்குப் பெயர்ப்பலகை தேவையில்லை. லயத்து வாசலில் சிக்னல் கிடைத்தால் போதும். அதனால்தான் தோட்டப்புறத்துக் குடும்பங்கள் இந்தக் கதைகளைத் தெரிந்துவைத்திருக்க வேண்டும். தோட்டத்தில் ஒரு குடும்பத்தின் கைக்குப் பெரிய தொகை வருவது வாழ்நாளில் ஓரிரு தடவைதான். ஓய்வு பெறும்போது ஊழியர் சேமலாப நிதியும் பணிக்கொடையும் வரும். மத்திய கிழக்கில் வீட்டு வேலை செய்யும் மகள் சேர்த்து அனுப்பிய காசு இருக்கும். 2021இல் தோட்டத் தொழிலாளரின் நாட்சம்பளம் 1,000 ரூபாவாக உயர்ந்தது. அந்தக் கணக்கில் ஒரு லட்சம் ரூபா என்பது நூறு நாள் மலையேறிக் கொழுந்து பறித்த பணம். அதைத் தேடித்தான் மோசடிக்காரன் வருகிறான். வரும்போது அந்நியனாக வருவதில்லை. நமக்குத் தெரிந்த ஒருவரின் வாய்வழியாக வருகிறான்.

வித்தை பழையது. 1920இல் அமெரிக்காவின் போஸ்டன் நகரில் சார்ள்ஸ் பொன்சி என்பவர் 45 நாளில் 50 சதவீத லாபம் தருவதாகச் சொன்னார். வெளிநாட்டுத் தபால் கூப்பன்களை மலிவாக வாங்கி அமெரிக்காவில் மாற்றுவதுதான் தன் தொழில் என்றார். சொன்னபடியே பணமும் கொடுத்தார். வாங்கியவர்கள் ஊரெல்லாம் சொல்ல, ஆட்கள் வரிசையில் நின்றார்கள். உண்மையில், புதிதாக வந்தவரின் பணம்தான் முன்பு வந்தவருக்கு லாபமாகப் போனது. அந்த வருடம் ஜூலையில், போஸ்டன் போஸ்ட் பத்திரிகை கேட்டதற்கிணங்க கிளாரன்ஸ் பரோன் என்ற நிதிப் பத்திரிகையாளர் கணக்குப் போட்டுப் பார்த்தார். பொன்சி வாங்கியிருக்கும் பணத்துக்குச் சுமார் 16 கோடி கூப்பன்கள் புழக்கத்தில் இருக்க வேண்டும். இருந்ததோ ஏறத்தாழ 27,000தான்! ஆகஸ்டில் பொன்சி கைதானார். அடுத்த ஆண்டு அந்தப் பத்திரிகைக்குப் புலிட்சர் பரிசு கிடைத்தது.

பரோன் செய்ததில் இரகசியம் ஒன்றுமில்லை. லாபம் எங்கிருந்து வருகிறது என்று கேட்டார். பதிலைப் பெருக்கிப் பார்த்தார். ஐந்தாம் வகுப்புப் பிள்ளைக்கும் தெரிந்த கணக்கு அது.

நம் ஊரிலும் அதைப் போட்டுப் பார்க்கலாம். மாதம் 10 சதவீதம் தருவதாக ஒருவர் சொல்கிறார் என்று வைத்துக்கொள்வோம். வட்டியை எடுக்காமல் விட்டால் ஒரு லட்சம் ரூபா ஐந்து ஆண்டில் 3 கோடியைத் தாண்ட வேண்டும். எந்தத் தொழிலில் இப்படி விளையும்? இன்னொருவர், நீங்கள் ஐந்து பேரைச் சேருங்கள், அவர்கள் ஆளுக்கு ஐந்து பேரைச் சேர்ப்பார்கள் என்கிறார். ஐந்து, இருபத்தைந்து, நூற்று இருபத்தைந்து என்று போனால் ஒன்பதாவது படியில் மட்டும் 19 லட்சத்து 53 ஆயிரம் பேர் தேவை. 2012 கணக்கெடுப்பின்படி பதுளையும் மொனராகலையும் சேர்ந்த ஊவா மாகாணம் முழுவதிலும் இருந்தவர்கள், கைக்குழந்தைகளையும் சேர்த்து, ஏறத்தாழ 12 லட்சத்து 66 ஆயிரம் பேர். கடைசிப் படியில் நிற்பவர்களுக்குக் கீழே ஆளில்லை; அவர்களுடைய பணம் போனது போனதுதான்.

தோட்டங்களில் சீட்டுப் பிடிக்கும் பழக்கம் உண்டு. இருபது பேர் போட்ட காசை இருபது பேரும் முறைவைத்து எடுப்பார்கள். போட்டதற்கு மேல் அங்கே ஒரு சதமும் முளைப்பதில்லை. சீட்டில் ஒருவர்மேல் ஒருவர் வைக்கும் நம்பிக்கையின் முகத்தைத்தான் மோசடித் திட்டங்கள் கடன் வாங்கிக்கொள்கின்றன.

படித்தவர்களும் வசதியுள்ளவர்களும் ஏமாறமாட்டார்கள் என்று நினைப்பதற்கில்லை. 2008 டிசம்பரில் சரிந்த கோல்டன் கீ கடனட்டை நிறுவனம், லலித் கொத்தலாவலவின் சிலிங்கோ குழுமத்தைச் சேர்ந்தது. பொதுமக்களிடம் வைப்புப் பணம் வாங்க அதற்கு மத்திய வங்கியின் அனுமதிப்பத்திரம் இருக்கவில்லை. ஆனாலும் அதிக வட்டியையும் குழுமத்தின் பெயரையும் நம்பிச் சுமார் 9,000 பேர் பணம் கொடுத்திருந்தார்கள். முடங்கிய தொகை ஏறத்தாழ 2,600 கோடி ரூபா. ஓய்வூதியப் பணத்தைப் போட்ட முதியவர்களும் அவர்களுக்குள் இருந்தார்கள். பீதி அதே குழுமத்தின் செலான் வங்கிக்கும் பரவ, அதன் நிருவாகத்தை அந்த மாத இறுதியில் இலங்கை வங்கியிடம் ஒப்படைக்க வேண்டியதாயிற்று. செலான் பிழைத்துக்கொண்டது. கோல்டன் கீ வைப்பாளர்கள் வருடக்கணக்காக உயர் நீதிமன்றப் படியேறினார்கள்.

அதே 2008 டிசம்பரில்தான் நியூயோர்க்கில் முதலீட்டாளர்களிடம் இதே வித்தையைக் காட்டிவந்த பேர்னாட் மடோவ் பிடிபட்டார். அவருடைய லாபக் கணக்கு நடக்கவே முடியாதது என்று ஹரி மார்க்கோபொலோஸ் என்பவர் 2000ஆம் ஆண்டிலிருந்தே அதிகாரிகளிடம் சொல்லிவந்தார். கேட்பாரில்லை. எல்லோரும் பணத்தைத் திருப்பிக் கேட்ட நாளில்தான் உண்மை தானாக வெளிவந்தது.

அனுமதி பெற்ற நிறுவனமும் விழலாம். ஆனால் விழும் விதம் வேறு. த பினான்ஸ் கம்பனியின் அனுமதிப்பத்திரம் 2020 மே மாதம் இரத்தானபோது, வைப்புக் காப்புறுதித் திட்டத்தில் ஒருவருக்கு 6 லட்சம் ரூபா வரை இழப்பீடு கிடைத்தது. 2021இல் அந்த எல்லை 11 லட்சமானது. அனுமதியில்லாத இடத்தில் போட்ட பணத்துக்கு இந்தக் காப்புறுதி கிடையாது. 2011ஆம் ஆண்டின் 42ஆம் இலக்க நிதித் தொழில் சட்டத்தின்படி, அனுமதியின்றி வைப்பு வாங்குவதே குற்றம். அனுமதி பெற்ற நிறுவனங்களின் பட்டியலை மத்திய வங்கி தமிழிலும் வெளியிடுகிறது. பணம் கொடுப்பதற்கு முன்பே அந்தப் பெயரைத் தேடிப் பார்க்க வேண்டும்.

ஆள் சேர்க்கும் பிரமிட் திட்டங்களை வங்கித்தொழில் சட்டத்தின் 83இ பிரிவு தடைசெய்கிறது. தடைசெய்யப்பட்டவை என்று மத்திய வங்கி பெயர் சொல்லி அறிவித்தவற்றில் ஒன்மக்ஸ் டி.டி., ஸ்போர்ட்ஸ் செயின், எம்.டி.எஃப்.இ. ஆகியவை உண்டு. திட்டத்தைத் தொடங்கியவர் மட்டுமல்ல, அதை விளம்பரப்படுத்தி ஊக்குவிப்பவரும் குற்றவாளிதான். மூன்று முதல் ஐந்து ஆண்டுவரை கடூழியச் சிறை கிடைக்கலாம்.

இந்தப் பிரிவுதான் ஊருக்குள் பலரை வாயடைக்க வைக்கிறது. சேர்த்துவிட்டவர் மச்சானாக, கூடப் படித்தவராக, மகனுக்கு டியூசன் கொடுத்தவராக இருப்பார். அவரும் பணத்தை இழந்திருப்பார். உறவு கெடும் என்று ஒருவர் பேசாமல் இருப்பார்; படித்தும் ஏமாந்தோமே என்ற வெட்கத்தில் இன்னொருவர் இருப்பார். அந்த மௌனம் இருக்கும்வரை அதே ஆட்கள் வேறொரு பெயரில் அடுத்த தோட்டத்துக்குப் போவார்கள். வங்கிச் சிட்டை, செயலியின் திரைப்பிடிப்பு, வட்ஸ்அப் செய்தி எதையும் அழிக்காமல் வைத்துக்கொண்டு பொலிஸில் முறைப்பாடு கொடுக்கலாம். குற்றப் புலனாய்வுத் திணைக்களத்துக்கும் மத்திய வங்கிக்கும் எழுதலாம். தனியாகப் போகத் தயங்குபவர்கள், அதே திட்டத்தில் இழந்த அயலவர்களோடு சேர்ந்து போகலாம்.